வண்ணத்துப்பூச்சிக்கு எதற்குக் கண்ணாடி வீடு?

ஃபேரர் பார்க்கில் எம்ஆர்டி ஏறினால் அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. அங்கே டவுன்டவுன் பாதைக்கு மாறி, நான்காவது நிலையமான பேஃபிரண்ட்டில் இறங்கி நடந்தால் கரையோரப் பூந்தோட்டங்களின் இரண்டு கண்ணாடிக் கூடங்கள் கண்முன்னே நிற்கும். ஒன்று ஃபிளவர் டோம், மற்றது கிளவுட் ஃபாரஸ்ட். ஊரிலிருந்து உறவினர் வந்தால் சிராங்கூன் சாலைக் குடும்பங்கள் தவறாமல் அழைத்துப் போகிற இடம் அது. ஆலிவ் மரத்தையும் பாவோபாப் மரத்தையும் பார்த்துவிட்டு வெளியே வரும் பிள்ளைகளில் ஒன்றாவது கேட்கும்: இத்தனை பூ இருக்கிறதே, வண்ணத்துப்பூச்சி எங்கே?

கேட்பது குழந்தை என்றாலும் கேள்வி பெரியது. அதற்குப் பதில் சொல்ல எஃகு, கண்ணாடி, வெயில், ஒரு பூச்சியின் கண் ஆகிய நான்கையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கண்ணாடிக்குள் வண்ணத்துப்பூச்சிகளைப் பறக்கவிடுவது உலகில் புதிதல்ல. வியன்னாவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரீட்ரிக் ஓமன் வடிவமைத்த பனைமர மாளிகையின் ஒரு பகுதி 1998 முதல் வண்ணத்துப்பூச்சி இல்லமாக இருக்கிறது. கனடாவின் நயாகராவில் 1996இல் திறந்த கூடத்தில், வெளியே பனி கொட்டும் மாதங்களிலும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை உள்ளே பறக்கின்றன. இந்த வழக்கம் பரவத் தொடங்கியது இங்கிலீஷ் கால்வாயில் இருக்கும் குவெர்ன்சி என்ற சின்னத் தீவில். 1970களில் அங்கே தக்காளிச் சாகுபடி நொடித்துப்போய், பயிர் வளர்த்த கண்ணாடிக் கூடங்கள் காலியாகக் கிடந்தன. டேவிட் லோ என்பவர் அவற்றில் வெப்பமண்டலச் செடிகளை நட்டு, வண்ணத்துப்பூச்சிகளை விட்டு, பார்வையாளர்களை வரவழைத்தார். கூடம் முன்பே இருந்தது. பூச்சி பிறகு குடிவந்தது. வண்ணத்துப்பூச்சியின் தேவையை எண்ணி யாரும் கண்ணாடியைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதை இங்கே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குளிர்நாட்டில் கண்ணாடி வீட்டின் வேலை எளியது: வெயிலை உள்ளே விட்டு, சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைப்பது. சிங்கப்பூரோ பூமத்திய ரேகைக்கு 1.3 டிகிரி வடக்கே இருக்கிறது. இங்கே கண்ணாடிக் கூடம் கட்டுகிறவர் வெளிச்சத்தை மட்டும் உள்ளே விட்டு, சூட்டை வாசலிலேயே நிறுத்த வேண்டும். அந்த வேலையை மிக நன்றாகச் செய்திருக்கும் கட்டடங்கள் நம் ஊரிலேயே இருப்பதால் அவற்றையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் கண்ணாடி. அதை உடையும் பொருளாகவே நாம் நினைக்கிறோம். உண்மையில் அமுக்கினால் அசாதாரண வலிமை காட்டும் பொருள் அது. இழுத்தால்தான் தோற்றுப்போகும். காரணத்தை 1921இல் கிரிஃபித் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் விளக்கினார். கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் கண்ணாடியின் மேற்பரப்பெங்கும் இருக்கின்றன. இழுவிசை வந்ததும் கீறலின் நுனியில் விசை பலமடங்கு குவிந்து, கீறல் ஓடிவிடுகிறது. எஃகாக இருந்தால் அந்த இடத்தில் சற்று இளகி விசையைப் பகிர்ந்துகொள்ளும். கண்ணாடிக்கு இளகத் தெரியாது. இதற்கு மாற்று, கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் குளிர்காற்றைச் சட்டென்று அடிப்பது. மேற்பரப்பு முதலில் இறுகிவிட, உட்பகுதி பிறகு சுருங்கி அதை உள்நோக்கி இழுக்கிறது. இப்போது மேற்பரப்பு முழுவதும் நிரந்தரமான அமுக்கத்தில் இருக்கும். கீறல்கள் திறக்க வழியில்லை. இதுதான் நாம் டஃபன்டு கண்ணாடி என்று சொல்வது. ஆனால் தலைக்கு மேலே வைக்க இது மட்டும் போதாது. உடைந்தால் துண்டுகள் மழையாகக் கொட்டும். அதனால் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டுகிறார்கள். உடைந்தாலும் துண்டுகள் படலத்தில் ஒட்டியபடி அங்கேயே தங்கும். மனிதர் நடமாடும் கூரைக்கு இந்த லேமினேட்டட் கண்ணாடிதான் சரி. இந்தப் படலம் பிறகு வண்ணத்துப்பூச்சியின் கதையில் ஒரு சிக்கலாக வரும்.

அடுத்து எடை. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. எல்லா அடுக்குகளும் சேர்த்து 20 மில்லிமீட்டர் என்று வைத்தால் 50 கிலோ. காற்றின் பாரம் இதைவிடப் பெரிதாக இருக்கலாம். சிங்கப்பூரில் பதிவான மிக வேகமான காற்று 1984 ஏப்ரல் 25 அன்று தெங்காவில் மணிக்கு 144.4 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 40 மீட்டர். அந்த வேகத்தில் காற்று ஒரு சுவரைத் தாக்கினால் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 100 கிலோ எடையை அழுத்தியதற்குச் சமம். வளைந்த கூரையில் காற்று அழுத்துவதோடு நிற்காது. மறுபக்கத்தில் உறிஞ்சி மேலே தூக்கவும் பார்க்கும். விடியற்காலையில் வரும் சுமத்திரா புயல்காற்றில் ஃபேரர் பார்க் அடுக்குமாடி வீடுகளின் கண்ணாடிச் சன்னல்கள் அதிர்வதைக் கேட்டவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும்.

இத்தனை பாரத்தைச் சுமக்க வேண்டும். ஆனால் சுமக்கிற எஃகு கண்ணில் படக்கூடாது. வெயில் வேண்டிய செடிக்கு நிழல் பட்டால் அது சரியாக வளராது. இரண்டு மீட்டருக்கு ஒன்றாக, இரு திசையிலும் பத்து சென்டிமீட்டர் அகலக் கம்பிகளை வைத்தால், கண்ணாடி எவ்வளவு தெளிவானதாக இருந்தாலும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 10 விழுக்காடு கம்பியிலேயே போய்விடும். ஆகவே கண்ணாடிக் கூடம் கட்டும் பொறியாளரின் போராட்டமெல்லாம் எஃகை மெலியவைப்பதற்குத்தான். மெலிந்த கம்பி எப்படித் தாங்கும்? வளைவினால். வாழை இலைத் துண்டை ஓரத்தில் பிடித்தால் தொங்கிவிடும். அதையே நீளவாக்கில் சற்று வளைத்துப் பிடித்தால் விறைத்து நிற்கும். பொருள் கூடவில்லை, வடிவம்தான் மாறியது. வளைந்த கூரையில் எடை கம்பிகளின் நீளவாக்கில் அமுக்கமாக ஓடித் தரைக்குப் போய்விடுகிறது. கம்பி குறுக்கே வளைய வேண்டியதில்லை. இப்படி மெல்லிய கம்பிகளால் பின்னிய, முட்டை ஓடுபோல் வளைந்த கூட்டைத்தான் கிரிட்ஷெல் என்கிறார்கள்.

ஆனால் மெல்லிய ஓட்டுக்கு ஓர் ஆபத்து உண்டு. பக்கவாட்டில் காற்று தள்ளும்போது அதன் ஒரு பகுதி திடீரென்று உள்வாங்கி மடங்கக்கூடும். பொருள் உடைவதற்கு முன்பே வடிவம் தோற்றுவிடும். 2012இல் திறந்த ஃபிளவர் டோமில் இதற்குக் கண்ட வழியைத்தான் நான் அங்கே மிகவும் ரசிக்கிறேன். வில்கின்சன் ஐர் நிறுவனம் வடிவமைத்த அந்தக் கூடத்தின் கட்டமைப்புக் கணக்குகளைச் செய்தது அட்லியே ஒன் என்ற பொறியியல் நிறுவனம். கண்ணாடியைத் தாங்குவது உள்ளே இருக்கும் மெல்லிய கிரிட்ஷெல். அதற்கு வெளியே, விசிறிபோல் விரிந்து எழும் எஃகு வளைவுகள் விலா எலும்புகளாக நின்று, காற்று தள்ளும்போது ஓட்டைப் பிடித்துக்கொள்கின்றன. எடையை ஒன்று சுமக்க, காற்றை இரண்டும் சேர்ந்து எதிர்க்கின்றன. இரண்டு வேலையையும் ஒரே சட்டத்திடம் கொடுத்திருந்தால் கம்பிகள் தடித்திருக்கும். 38 மீட்டர் உயரத்தில், 1.28 ஹெக்டேர் பரப்பில், நடுவே ஒரு தூண்கூட இல்லாமல் அந்தக் கூடம் நிற்பது இந்தப் பங்கீட்டால். உலகின் மிகப் பெரிய கண்ணாடிச் செடிக்கூடம் என்று 2015இல் கின்னஸ் அதைப் பதிவு செய்தது.

கம்பிகளைப் பின்னும் முறையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நான்கு கம்பிகளை ஆணியடித்துச் சதுரமாக்கினால் தள்ளியதும் சாய்ந்துவிடும். மூன்று கம்பி முக்கோணம் சாயாது. இதை நிரூபித்த பழைய சாட்சி ஒன்று ஃபேரர் பார்க்கிலேயே உண்டு. 1911 மார்ச் 16 அன்று, அப்போது குதிரைப் பந்தயத் திடலாக இருந்த அந்த மைதானத்திலிருந்துதான் சிங்கப்பூரின் முதல் விமானம் எழும்பியது. பெல்ஜியத்துக்காரரான ஜோசப் கிறிஸ்டியன்ஸ் ஓட்டிய பிரிஸ்டல் விமானம் மரச்சட்டமும் துணியும் கம்பியும் கொண்டது. இரட்டை இறக்கைகளுக்கு நடுவே பெட்டி பெட்டியாக நின்ற சட்டங்களில் மூலைக்கு மூலை கம்பியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அந்தக் கம்பிகள் ஒவ்வொரு சதுரத்தையும் இரண்டு முக்கோணமாக்கின. அவை இல்லாவிட்டால் காற்று முட்டிய கணமே இறக்கை சரிந்திருக்கும்.

முக்கோணத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் இருக்கும். எவ்வளவு கோணலான கூரையிலும் முக்கோணக் கண்ணாடி தட்டையாகவே உட்காரும். நான்கு மூலைக் கண்ணாடியில் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும். 2019இல் திறந்த சாங்கி ஜுவலின் கூரையைப் பாருங்கள். சுமார் 6,000 கணுக்கள், 18,000 கம்பிகள். இந்த இரண்டு எண்களும் தற்செயலானவை அல்ல. முக்கோண வலையில் ஒரு கணுவில் ஆறு கம்பிகள் கூடும். ஒரு கம்பி இரண்டு கணுக்களுக்குப் பொது. 6,000ஐ ஆறால் பெருக்கி இரண்டால் வகுத்தால் 18,000 வந்துவிடுகிறது.

வடிவத்தின் விலை என்ன என்பதற்குக் கரையோரப் பூந்தோட்டத்தின் இரண்டு கூடங்களையும் ஒப்பிடலாம். ஃபிளவர் டோமில் 3,332 கண்ணாடிகள், அவற்றில் 42 வகை வடிவங்கள். சராசரியாக ஒரு வடிவத்தில் 79 கண்ணாடிகள். 58 மீட்டர் உயரத்துக்குக் கூம்பி எழும் கிளவுட் ஃபாரஸ்டில் 2,577 கண்ணாடிகளுக்கு 690 வடிவங்கள். ஒரு வடிவத்துக்கு நான்குகூட இல்லை. வெட்டுவது, எண் இடுவது, ஏற்றுவது, பிறகு ஒன்று உடைந்தால் மாற்றுவது என்று ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வித்தியாசம் செலவாக வந்து நிற்கும். முதலாவது கூடத்தின் வடிவத்தில் இருக்கும் சிக்கனத்தை அதன் அழகுக்கு நிகராக நான் மதிக்கிறேன்.

எஃகும் கண்ணாடியும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை. 100 மீட்டர் எஃகு 20 டிகிரி கூடினால் 24 மில்லிமீட்டர் நீளும், கண்ணாடி 18தான். அந்த வேறுபாட்டை ஒவ்வொரு இணைப்பிலும் சிறிது சிறிதாக ரப்பர் பட்டைகள் உள்வாங்கிக்கொள்கின்றன.

நம் ஊரில் காற்றைவிடக் கடினமான பாரம் வெயில். உச்சிவெயிலில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் ஆற்றல் இறங்குகிறது. 1.28 ஹெக்டேருக்கு மனக்கணக்குப் போட்டால் 12.8 மெகாவாட். சாதாரணக் கண்ணாடி இதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். நல்ல வேளையாக, வெயில் ஆற்றலில் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். செடிக்கு அது தேவையில்லை. கண்ணாடியின் மேல் மிக மெல்லிய உலோகப் படலத்தைப் பூசினால் வெளிச்சம் உள்ளே போகும், அகச்சிவப்பு திரும்பிப் போகும். ஃபிளவர் டோமின் கண்ணாடி ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெளிச்சத்தையும் மூன்றில் ஒரு பங்கு சூட்டையும் மட்டும் அனுமதிக்கிறது. அப்படியும் நான்கு மெகாவாட்டுக்கு மேல் மிஞ்சும். ஆயிரத்துக்கும் அதிகமான வீட்டுக் குளிர்சாதனங்கள் ஒரே நேரத்தில் ஓடி அகற்ற வேண்டிய சூடு அது. அதனால் வெயில் ஏறும்போது, வெளியே நிற்கும் விலா வளைவுகளுக்குள் சுருட்டி வைத்த துணிப்பாய்கள் தானாக விரிந்து நிழல் தருகின்றன. காற்றுக்காக வைத்த எஃகு வெயிலுக்கும் உதவுகிறது.

உள்ளே 23 முதல் 25 டிகிரி வரை வைத்திருக்கிறார்கள். கூடம் முழுவதையும் குளிர்விப்பதில்லை. தரைக்கு அடியில் குளிர்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன. மனிதரும் செடியும் இருக்கும் கீழ்ப்பகுதி மட்டும் குளிரும். சூடான காற்று மேலே தேங்கி உச்சித் திறப்புகள் வழியே வெளியேறும். காற்றின் ஈரத்தை உப்புக் கரைசல் உறிஞ்சுகிறது. அந்தக் கரைசலைத் திரும்பவும் உலர்த்தத் தேவைப்படும் சூடு, தீவெங்கும் கத்தரித்த மரக்கிளைகளை எரிக்கும் உலையிலிருந்து வருகிறது. வெளியே நிற்கும் சூப்பர்ட்ரீ கோபுரங்களில் சில அந்த உலையின் புகைபோக்கிகள்.

இப்போது இந்தக் கூடத்துக்குள் ஒரு வண்ணத்துப்பூச்சியை விடுவோம்.

அது வெளிச்சத்தை நோக்கி மேலே போகும். உச்சியில்தான் நாம் வேண்டுமென்றே சூட்டைத் தேக்கி வைத்திருக்கிறோம். மனிதருக்கு மிச்சமாகிற மின்சாரம் பூச்சிக்குத் தீங்காகிறது. உச்சித் திறப்புகளுக்கு வலை போட வேண்டும். வலை காற்றைத் தடுக்கும். தடுத்தால் சூடு இன்னும் தேங்கும். கீழே வந்தாலோ குளிர்ச்சி. பல இனங்களில் பறக்கும் தசைகள் 30 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் நன்றாக இயங்கும். வெயில் காய்ந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும் உயிரினத்திடமிருந்து நாம் அகச்சிவப்புக் கதிரை வடிகட்டிவிட்டோம். ஈரம் வேண்டிய உயிரினத்துக்கு உலர்ந்த காற்றைக் கொடுக்கிறோம்.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு கண்ணுக்கு. வண்ணத்துப்பூச்சிகள் நமக்குத் தெரியாத புறஊதா ஒளியைப் பார்க்கக்கூடியவை. பல இனங்களின் இறக்கையில் அந்த ஒளியில் மட்டும் தெரியும் கோலங்கள் உண்டு. இணையைத் தேர்ந்தெடுக்க அவை உதவுகின்றன. பூக்களிலும் தேன் இருக்கும் இடத்தைக் காட்டும் அடையாளங்கள் அப்படியே. நம் தலையைக் காப்பாற்றும் அந்தப் பிவிபி படலம் 380 நானோமீட்டருக்குக் கீழ் உள்ள ஒளியைக் கிட்டத்தட்ட முழுவதும் விழுங்கிவிடும். நமக்குத் தெளிவாகத் தெரியும் கூடத்தில் வண்ணத்துப்பூச்சி தன் உலகின் ஒரு நிறமே இல்லாமல் வாழ வேண்டியிருக்கும். புறஊதாவை விடும் ஈடிஎஃப்இ போன்ற பிளாஸ்டிக் தாள்கள் இருக்கின்றன. எடையும் கண்ணாடியில் நூற்றில் ஒரு பங்குதான். ஆனால் அது கண்ணாடி வீடாக இருக்காது.

குளிர்நாட்டில் இந்தக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அங்கே கண்ணாடி இல்லாவிட்டால் பூச்சி செத்துவிடும். இங்கே அந்த நியாயம் கிடையாது. வெப்பமண்டலத்தில் இந்தத் துறையில் நெடுநாள் இருப்பவர்கள் அதை நன்றாக அறிந்திருக்கிறார்கள். பினாங்கில் 1986இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பண்ணை வலைக்கூரையின் கீழ் வளர்ந்தது. சாங்கி மூன்றாம் முனையத்தில் 2008 முதல் இருக்கும் தோட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை பறக்கின்றன. விமான நிலையம் முழுதும் குளிரூட்டியிருக்க, அந்த இரண்டு மாடித் தோட்டத்தில் வெளிக்காற்று உலவுகிறது. ஸ்ரீரங்கத்தில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தமிழ்நாடு வனத்துறை 2015இல் திறந்த பூங்கா இன்னும் துணிந்து யோசித்தது. சுமார் 25 ஏக்கரில் தேன் தரும் செடிகளையும் புழுக்கள் உண்ணும் செடிகளையும் நட்டுவிட்டு, வண்ணத்துப்பூச்சிகள் தாமாக வரட்டும் என்று விட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன.

என் தீர்ப்பு இதுதான்: கண்ணாடிக் கூடம் ஆலிவ் மரத்துக்குச் சரி. தன் ஊரின் குளிர்ச்சி இங்கே கிடைக்காத உயிருக்கு அந்தச் செலவும் அந்தப் பொறியியலும் தகும். சிங்கப்பூர் வண்ணத்துப்பூச்சிக்கு அது தேவையில்லை. முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் பதிவான இந்தத் தீவில் அவற்றுக்குக் குறைவது கூரை அல்ல, புழு தின்ன இலை. 2015இல் நேச்சர் சொசைட்டி நடத்திய வாக்கெடுப்பில் தேசிய வண்ணத்துப்பூச்சியாக மக்கள் தேர்ந்தெடுத்த காமன் ரோஸ், ஆடுதின்னாப்பாளைப் பேரினத்துக் கொடிகளில் மட்டுமே முட்டையிடும். அந்தக் கொடி இல்லாத பேட்டைக்கு அது வந்து தங்குவதில்லை.

வேறு இரண்டு இனங்களுக்கு ஃபேரர் பார்க் வீவக வீடுகளில் ஏற்கெனவே விருந்து இருக்கிறது. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடுபவை லைம் என்றும் காமன் மார்மன் என்றும் சொல்லப்படும் வண்ணத்துப்பூச்சிகள். தாழ்வாரத்தில் தொட்டியில் வைத்த கறிவேப்பிலைச் செடியை அவை பல மாடி ஏறியும் தேடி வரும். முதலில் புழு பறவை எச்சம்போல் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும், வளர்ந்ததும் பச்சையாகும். அதைக் கண்டதும் மருந்து அடிக்காதீர்கள், நசுக்காதீர்கள். சில கொத்து இலை போகும். செடி மறுபடி துளிர்த்துவிடும். சமையலுக்கு ஒரு செடி, புழுவுக்கு ஒரு செடி என்று இரண்டு தொட்டி வையுங்கள்.